பிற்பகல் 2 மணிக்கு பங்க்: டர்பனில் ஒரு பெண்கள் இசை நிகழ்ச்சி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், உம்பிலோ பக்கம் இருக்கும் ஒரு பழைய பப்பில், புரட்டாசிச் சனிக்கிழமை ஒன்றில், நான்கு இசைக்குழுக்கள் வாசித்தன. இரண்டு பங்க் (வேகமும் இரைச்சலுமான ராக் இசை), ஒன்று இண்டி (பெரிய நிறுவனங்களைச் சாராத ராக்), மற்றொன்று இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நிற்பது. நான்கிலும் வாசித்தவர்கள், பாடியவர்கள் எல்லோரும் பெண்கள். மேடை ஒழுங்கு என் பொறுப்பு: யார் எப்போது ஏறுவது, எந்த ஒயர் எங்கே போவது, யாரை எப்போது இறக்குவது. வந்தவர்கள் இன்னமும் பாட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பேசட்டும், பாட்டு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே நின்று பார்த்த எனக்கு, அந்த நிகழ்ச்சிக்காக எடுத்த முடிவு ஒவ்வொன்றும் ஒரே கேள்வியைச் சுற்றி வந்ததாகத் தெரிகிறது. முடிந்ததும் இந்தப் பிள்ளைகள் எப்படி வீடு போய்ச் சேருவார்கள்? நேரம், குழுக்களின் வரிசை, பின்கதவுப் பூட்டு, பப் முதலாளியின் முகவாட்டம் எல்லாமே இதிலிருந்து கிளம்பியவைதான்.

முதலில் போட்ட திட்டம் வேறு. வெள்ளிக்கிழமை, இரவு 9 மணி, நான்கு குழு, நள்ளிரவுக்கு மேல் முடிவு. ஏற்பாடு செய்த இரண்டு பெண்களும் இருபதுகளில் இருப்பவர்கள். அவர்கள் மனதில் இருந்த முன்மாதிரி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள ஒலிம்பியா. அங்கே 1991 ஆகஸ்டில் கே ரெக்கார்ட்ஸ் என்ற சின்ன இசை நிறுவனம் ஆறு நாள் விழா ஒன்றை நடத்தியது. 20-ம் தேதி, முதல் இரவு, முழுக்கப் பெண்களுக்கு. பிராட்மொபைல் என்ற குழு வாசித்தது. ஹெவன்ஸ் டு பெட்ஸி குழு முதல் தடவையாக மேடை ஏறியது அன்றைக்குத்தான். ரயட் கேர்ள் என்று பின்னால் பெயர் பரவிய பெண்கள் பங்க் அலைக்கு அந்த இரவு ஒரு தொடக்கப் புள்ளி. பிகினி கில் குழு பெண்களை மேடைக்கு முன்னால் வரச் சொல்லி, ஆண்களைப் பின்னால் தள்ளி நிறுத்திய பழக்கமும் அந்தக் காலத்துடையது. 2000-ல் அதே ஊரில் லேடிஃபெஸ்ட் என்று ஒரு விழா நடந்து, பிறகு பல நாட்டு நகரங்களில் அதே பெயரில் தொடர்ந்தது. படித்தால் யாருக்கும் கை துறுதுறுக்கும் கதை. நாமும் ஒன்று போடுவோம் என்று தோன்றுவது இயல்பு.

ஒலிம்பியா ஒரு சின்ன ஊர். டர்பன் அப்படி அல்ல. அந்த வித்தியாசம் திட்டத்தைக் குழுக்களுக்கு அனுப்பிய அன்று மாலையே வெளியே வந்தது. நகருக்கு வெளியே சாட்ஸ்வொர்த்திலிருந்து வரும் குழுவின் பிள்ளைகள் மூவரும் ஒரே பதில்தான் போட்டார்கள்: 9 மணிக்கு அப்பா வந்து கூட்டிக்கொண்டு போகும் நேரம், அப்போது ஆரம்பித்தால் எப்படி? உம்லாசிக் குழுவுக்கு அப்பா கார் என்ற வசதியும் இல்லை. அவர்கள் வருவதும் போவதும் மினிபஸ் டாக்சியில். சாயங்காலம் தாண்டினால் டாக்சி ரேங்கில் வண்டி குறையும், நிற்கப் பயமாகவும் இருக்கும். கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்பது இன்னும் மோசம். கார் இருந்தவர்கள் மூத்த குழு மட்டும்தான். முப்பதுகளின் நடுவில் இருப்பவர்கள், வேலைக்குப் போகிறவர்கள்.

தூரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சாட்ஸ்வொர்த் நகர மையத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். அங்கே நம் ஜனங்கள் ஆசைப்பட்டுப் போய்க் குடியேறவில்லை. 1950-ல் வந்த குரூப் ஏரியாஸ் சட்டம் இன்ன இனம் இன்ன இடத்தில் என்று பிரித்தது. நகரத்துக்குள் மேகசின் பேரக்ஸில் இருந்த மாநகராட்சித் தொழிலாளர் குடும்பங்கள், பெரும்பாலும் தமிழரும் தெலுங்கரும், 1960-களில் சாட்ஸ்வொர்த்துக்கு மாற்றப்பட்டார்கள். கேட்டோ மேனர்க்காரர்களுக்கும் இதே கதி. இந்தியருக்கென்று ஒதுக்கிய இன்னொரு நகரியமான ஃபீனிக்ஸ் 1970-களின் நடுவில் வந்தது. உம்லாசி கறுப்பினத்தவருக்கென்று ஒதுக்கிய நகரியம். சட்டம் போய் முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, வீடுகள் அங்கேயேதான் இருக்கின்றன. இசை அரங்கும் பப்பும் நகரத்துப் பக்கம். நடுவில் இருக்கும் நெடுஞ்சாலைதான் பெண் பிள்ளைகளின் இரவை வெட்டுகிறது.

தென்னாப்பிரிக்க பங்க் கதையே ஒரு வகையில் இதுதான். 1979-ல் ஜோகன்னஸ்பர்க்கில் உருவான நேஷனல் வேக் குழுவில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வாசித்தார்கள். அவர்கள் ஒரே வீட்டில் சேர்ந்து குடியிருந்ததே சட்டப்படி குற்றம். 1981-ல் ஒரு ஆல்பம் போட்டார்கள், போலீஸ் தொல்லை விடவில்லை, அடுத்த வருடம் கலைந்துபோனார்கள். எங்கள் டர்பனிலும் எழுபதுகளின் கடைசியில் வைல்ட் யூத் என்று ஒரு பங்க் குழு இருந்தது. பெண்கள் மட்டுமே உள்ள குழு என்பதும் இந்த நாட்டுக்குப் புதிதல்ல. 1977-ல் ஜோகன்னஸ்பர்க்கில் ஐந்து பெண்களோடு தொடங்கிய க்ளவுட் குழுவின் பாட்டு ஒன்று 1978-ல் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் 2-ம் இடம் வரை போனது. அது பங்க் அல்ல, பளபளப்பான பாப். பின்னால் ஆண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

சரி, நம் கதைக்கு வருவோம். வெள்ளி இரவு போய் சனிக்கிழமை பிற்பகல் 2 மணி என்று ஆனது. ஒரு குழுவுக்கு அரை மணி, மாற்றிக்கொள்ள 20 நிமிடம், 5 மணிக்கு முடிவு. கொஞ்சம் இழுத்தாலும் ஐந்தரை. அந்த மாதத்தில் 6 மணிக்கெல்லாம் இருட்டிவிடும், அதற்குள் எல்லோரும் வண்டியில் இருக்க வேண்டும். இப்படி நேரத்தை மாற்றியதும் ஒரு கேள்வி தீர்ந்தது, இரண்டு கேள்விகள் முளைத்தன.

முதலாவது, யாரும் எதிர்பாராதது. பகல் நிகழ்ச்சி என்றதும் சாட்ஸ்வொர்த் தாய்மார்கள் நிம்மதி அடைவார்கள் என்று ஏற்பாட்டாளர்கள் நினைத்தார்கள். நடந்தது நேர் எதிர். டிரம்ஸ் வாசிக்கும் பெண்ணின் பெரியம்மா, எழுபதை நெருங்குகிறவர், போனில் கேட்ட முதல் கேள்வி: "பின்னாடி கதவு இருக்கா? திறந்திருக்குமா?" இந்த ஊரில் நாற்பது வயது தாண்டிய யாருக்கும் அதன் காரணம் தெரியும். 2000 மார்ச் 24, சாட்ஸ்வொர்த்தில் த்ராப் என்ற கிளப்பில், பள்ளித் தவணை முடிந்ததைக் கொண்டாடப் பகல் நேரத்தில் பிள்ளைகளுக்கு ஒரு டிஸ்கோ. உள்ளே யாரோ கண்ணீர்ப்புகைக் குண்டைத் திறந்துவிட்டார்கள். வெளியேற ஓடிய நெரிசலில் 13 பிள்ளைகள் செத்துப்போனார்கள். பல வீடுகளில் அதற்குப் பிறகு பகல் டிஸ்கோ என்ற பேச்சையே எடுக்க முடியாது. இருபது வயதுப் பெண்ணுக்கு அது பிறப்பதற்கு முந்தைய செய்தி, அவள் அம்மாவுக்கோ, செத்தவர்களில் வகுப்புத் தோழியின் தங்கையும் ஒருத்தி.

பப்புக்குப் போய்ப் பார்த்தால் பின்கதவில் சங்கிலி, அதில் கைப்பிடி அளவுக்கு ஒரு பூட்டு. திருட்டுப் பயம் என்றார் முதலாளி. அவர் சொன்னதும் பொய்யில்லை, அந்தச் சந்தில் கார் பேட்டரியே நிற்காது. சாவியை ஒரு ஆளிடம் கொடுத்து வைக்கலாம் என்றார். பெரியம்மா ஒத்துக்கொள்ளவில்லை. புகை வந்தால் சாவிக்காரனை யார் தேடுவது? கடைசியில் சங்கிலியை முழுதாகக் கழற்றி, கதவை வெளிப்பக்கம் தள்ளினால் திறக்கிற மாதிரி விட்டு, அங்கே ஒரு நாற்காலி போட்டு, கிட்டார் வாசிக்கும் பெண்ணின் மாமாவை உட்கார வைத்தோம். ஆறடி உயரம், அரை நாள் முழுக்க அசையவில்லை. டிக்கெட்டும் அறை கொள்ளும் அளவுக்குக் கீழேயே நிறுத்தப்பட்டது. குறைந்தது 2,000 பேர் கொள்ளும் இடங்களில் நடக்கும் நிகழ்ச்சிகளைத்தான் 2010-ம் வருடத்து நிகழ்ச்சிப் பாதுகாப்புச் சட்டம் குறி வைக்கிறது. சின்ன அறைகளில் ஆபத்தைப் பார்ப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட பெரியம்மாக்கள்தான்.

இரண்டாவது கேள்வி பணம். பப் என்பது பாட்டை விற்றுப் பிழைக்கும் இடமல்ல. பீர் விற்க வேண்டும், அதற்கு ஆள் சேர்க்கப் பாட்டு. அதனால் அரங்குக்கு வாடகை என்று தனியாகக் கேட்காமல், பாரில் இவ்வளவு வியாபாரம் நடந்தாக வேண்டும் என்று பேசிக்கொள்வதுதான் வழக்கம். பிற்பகல் 2 மணிக்கு யார் குடிக்கிறார்கள்? வந்தவர்களில் பாதிப் பேர் 18-க்குக் கீழே, அவர்களுக்கு விற்கவே கூடாது. மீதிப் பேரில் தமிழ் வீட்டார் கணிசம், அவர்களுக்குப் புரட்டாசி விரதம். எங்கள் ஊரில் புரட்டாசியைப் பிடிக்கிற பிடி தமிழ்நாட்டுக்காரர்களையே அசர வைக்கும். கவிச்சியும் கிடையாது, குடியும் கிடையாது, அதிலும் சனிக்கிழமை என்றால் சொல்லவே வேண்டாம். அந்தத் தேதி ஏன் காலியாக இருந்தது என்பது முதலாளிக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும்.

ஆகவே பேச்சு மாறியது. வாசல் வசூலில் முதலில் அவருடைய வாடகை, அடுத்து சவுண்டு பார்ப்பவரின் கூலி, மிச்சம் நான்கு குழுவுக்கும் சரிபங்கு. பெரிய குழு, சின்னக் குழு என்ற பேதம் இல்லை. உள் அறையில் பார் மூடல். குடிக்கிறவர்கள் கையில் பட்டை கட்டிக்கொண்டு வெளித் தாழ்வாரத்துக்குப் போக வேண்டும். அப்புறம் சாப்பாடு. ரொட்டியின் வயிற்றைக் குடைந்து குழம்பு ஊற்றித் தரும் எங்கள் ஊர் பன்னி சௌ, அதிலும் பீன்ஸ் மட்டும், கால் ரொட்டி அளவில். பெரியம்மாவும் அவர் தங்கையும் இரண்டு பெரிய தேக்சாவில் கொண்டு வந்தார்கள். மூன்றாவது குழு ஏறுவதற்குள் தீர்ந்துவிட்டது. அடுத்த தடவை சாப்பாட்டிலும் பங்கு வேண்டும் என்று முதலாளி கேட்டபோது பெரியம்மா அவரைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப் போவதில்லை.

குழுக்களின் வரிசைதான் எனக்குப் பிடித்த பகுதி. வழக்கமான கலப்பு நிகழ்ச்சிகளில் பெண்கள் குழுவுக்கு இரண்டே இடம் கிடைக்கும். ஒன்று, அரங்கு காலியாக இருக்கும்போது முதல் இடம். அல்லது எல்லாம் தாமதமாகி, கூட்டம் கலைந்து, கூட்டிப்போக வந்தவர் வாசலில் ஹாரன் அடிக்கும் நேரம். இங்கே மூத்த குழு தானாகவே முதல் இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டது. அவர்களுக்கென்று வரும் கூட்டம் உண்டு, அது 2 மணிக்கே வந்து சேர்ந்தது. அதனால் யாரும் வெறும் நாற்காலிகளுக்கு வாசிக்கவில்லை. இரண்டாவதாக உம்லாசிக் குழு, 4 மணிக்குள் கிளம்பி வெளிச்சத்தில் டாக்சி பிடிக்க. மூன்றாவது கிளென்வுட் மாணவிகளின் இண்டி குழு, அவர்கள் நடந்தே போய்விடுவார்கள். கடைசியில் சாட்ஸ்வொர்த் பிள்ளைகள், ஏனென்றால் அப்பாமார்கள் காரோடு வெளியே நிற்பார்கள். வரிசைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் அது டாக்சி நேர அட்டவணை மாதிரிதான் இருந்தது.

மேடையில் ஒரே டிரம்ஸ் செட், பேஸ் கிட்டாருக்கு ஒரே ஆம்ப் (ஒலிபெருக்கிப் பெட்டி). டிரம்ஸில் ஸ்னேர் என்ற சின்ன டிரம், சிம்பல் தட்டு, கால் பெடல் மட்டும் அவரவர் கொண்டு வருவது. இது எங்கும் உள்ள நடைமுறை. இப்படிப் பொதுவில் வைத்தால்தான் 20 நிமிடத்தில் குழு மாற முடியும், டாக்சியில் வருகிறவர்கள் டிரம்மைச் சுமக்கவும் வேண்டாம். உம்லாசி டிரம்மர் ஸ்னேரை ஒரு பள்ளிப் பையில் வைத்து மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். அவர்கள் வாசித்த அரை மணிதான் அன்றைய உச்சம் என்பது என் கட்சி. இசிசூலு (ஜூலு) மொழியிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிப் பாடினார்கள், எதுவும் இரண்டு நிமிடத்துக்கு மேல் போகவில்லை. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே பேச்சும் இல்லை. முன்னால் நின்ற பிள்ளைகளுக்கு மூச்சு வாங்க இடமே கொடுக்கவில்லை.

சவுண்டு பற்றி எழுதாமல் இந்த ஆய்வு முடியாது. ஒலியைக் கலந்து சரிசெய்யும் மிக்சரில் இருந்தவர் அந்த இடத்து ஆள், கெட்டவர் அல்ல. ஆனால் சவுண்டு செக்கின்போது ஒவ்வொரு கேள்வியையும் பக்கத்தில் நின்ற ஆணைப் பார்த்தே கேட்டார். பேஸ் வாசிப்பவர் கையில் ஒயரைப் பிடித்துக்கொண்டு நிற்க, மிக்சர்க்காரர் அந்தப் பெண்ணின் தம்பியிடம் "இது ஆக்டிவ் பேஸா?" (உள்ளே பேட்டரி உள்ள பேஸ் கிட்டாரா) என்கிறார். தம்பி பன்னிரண்டாம் வகுப்பு, அவனுக்குக் கிரிக்கெட்தான் தெரியும். "அக்காவக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான். அதற்குப் பிறகு ஓரளவு சரியானது.

பெரிய சிக்கல் மூன்றாவது குழுவில். அந்தப் பாடகிக்கு மெல்லிய குரல், கிட்டாரோ கத்துகிறது. குரலை ஏற்றினால் மைக் விசிலடிக்கிறது. மிக்சரைப் பார்த்தால் பாட்டு சேனலில் 2,500 ஹெர்ட்ஸ் பக்கம் ஆழமாக வெட்டி வைத்திருக்கிறது. போன வாரத்து மெட்டல் குழுவுக்குப் போட்ட வெட்டு, அப்படியே நிற்கிறது. வார்த்தைகளின் தெளிவு உட்கார்ந்திருக்கும் இடம் கிட்டத்தட்ட அதுதான், அதை எடுத்துவிட்டால் குரல் இருக்கும், சொல் இருக்காது. இதற்கு மேல் பாடகி பதற்றத்தில் மைக்கின் தலையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தார். மைக் முன்பக்க ஒலியை மட்டும் வாங்குவதற்குக் காரணம் அதன் தலையின் பக்கவாட்டிலும் பின்னாலும் உள்ள திறப்புகள். பொத்தினால் எல்லாப் பக்கமும் வாங்கும், பாடுகிறவரை நோக்கி மேடையில் வைத்த மானிட்டர் ஸ்பீக்கரின் சத்தமும் உள்ளே போகும், கூவும். கையைக் கீழே இறக்கச் சொன்னோம், வெட்டைப் பாதியாகக் குறைத்தோம். பிறகு கிட்டார் ஆம்பைத் தரையிலிருந்து தூக்கி ஒரு பீர் கிரேட்டின் மேல் வைத்து, வாசிப்பவரின் காதுக்கு நேரே திருப்பினோம். தரையில் இருக்கும்வரை அந்தச் சத்தம் அவர் முழங்காலுக்குத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. காதில் விழுந்ததும் அவரே கையை நீட்டிப் பாதிக்கு மேல் குறைத்துவிட்டார். யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது பாட்டிலிருந்து ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. வரிகள் அவ்வளவு கூர்மை என்பதே அப்போதுதான் கூட்டத்துக்குத் தெரிந்தது.

முன்வரிசை பெண்களுக்கு என்ற விதியை வாசலிலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள். பெரும்பாலான ஆண்கள் பேசாமல் பின்னால் நின்றார்கள். ஒருவர் மட்டும் போனில் படம் பிடிக்க முன்னே தள்ளிக்கொண்டே இருந்தார். இரண்டு தடவை சொல்லிப் பார்த்தோம். மூன்றாவது தடவை பின்கதவு மாமா எழுந்து நின்றார், அவ்வளவுதான்.

சாட்ஸ்வொர்த் மூவர் ஏறியபோது மணி 4:40. காரிலேயே இருப்போம் என்று சொன்ன அப்பாமார்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து சுவரோரம் கைகட்டி நின்றார்கள். பிள்ளைகள் தடுமாறவில்லை, கடைசிப் பாட்டில் ஒரு சரம் அறுந்தும் நிறுத்தவில்லை. பெரியம்மா ஓரமாக உட்கார்ந்து முழுக்கப் பார்த்தார். சத்தம் தாங்குகிறதா என்று கேட்டேன். சின்ன வயதில் கோயில் திடலில் விடிய விடியக் கூத்துப் பார்த்தவர் அவர், இங்கே சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்று பெயர் வாங்கிய தெருக்கூத்து. "அப்போ ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்போம், யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. வீடு பக்கத்துல, தூக்கம் வந்தா எழுந்து போய்ப் படுத்துக்கலாம்" என்றார். இந்த ஆய்வுக்காக நான் சேர்த்த குறிப்புகளிலேயே கனமானது இதுதான். பெண்கள் இரவில் வெளியே இருப்பது நம் ஆட்களுக்கு ஆகாது என்று இப்போது பேசுவார்கள். இரவு அன்றைக்கும் இருந்தது. நடுவில் 20 கிலோமீட்டர் இல்லை.

இசைத் துறைக் காகித வேலையையும் சொல்லிவிடுகிறேன், பலரும் விட்டுவிடுவது இது. எல்லாம் சொந்தப் பாட்டுகள். 1961-லிருந்து இயங்கும் சாம்ரோ என்ற இசை உரிமை அமைப்பில் பாட்டைப் பதிந்தால்தான் மேடையில் வாசித்ததற்கு உரிமைத் தொகை வரும். நான்கு குழுவிடமும் அன்றே பாட்டுப் பட்டியலை எழுதி வாங்கினேன். இரண்டு குழுக்கள் அதுவரை பதியவே இல்லை.

ஆட்சேபம் ஒன்று உண்டு, அது நியாயமானது. மூத்த குழுவின் பாடகி கணக்கு முடித்த பிறகு சொன்னார்: ஜன்னல் வழியே வெயில் விழ, பள்ளி ஆண்டு விழா மாதிரி இருந்தது, பங்க்குக்கு இருட்டு வேண்டும், பத்து வருடம் சண்டை போட்டு இரவில் இடம் பிடித்தவர்கள் நாங்கள், இப்போது நாமே பகலுக்குத் திரும்பினால் இரவை மறுபடி ஆண்களுக்கு எழுதிக் கொடுத்த மாதிரி ஆகாதா? ஏற்பாட்டாளர்களிடம் உடனே பதில் இல்லை. என் கணிப்பில் அவர் சொன்னது சரி, பிற்பகல் என்பது நிலைமைக்கு ஒரு ஒட்டு. அந்த ஒட்டு இல்லாமல் அன்றைக்கு இரண்டு குழுக்கள் மேடை ஏறியே இருக்காது என்பதும் சரி.

அடுத்ததை இரவில் வைப்பது என்று இப்போது பேச்சு. 7 மணிக்கு ஆரம்பித்துப் பத்தரைக்கு முடிப்பது, ஒரு மினிபஸ்ஸை வாடகைக்கு எடுத்து வாசலிலேயே நிறுத்துவது, வாடகையை எல்லா டிக்கெட்டிலும் ஏற்றுவது, காரில் வருகிறவர்களும் சேர்ந்து கொடுப்பது. மூத்த குழு தன் பங்கை வண்டிக்கே விட்டுக்கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறது. உம்லாசியும் சாட்ஸ்வொர்த்தும் தெற்குப் பக்கம் என்பதால் ஒரே வண்டியில் அடங்கிவிடும். ஆனால் புதிதாகச் சேரக் கேட்டிருக்கும் குழு ஃபீனிக்ஸிலிருந்து வருகிறது. அது நேர் வடக்கு. இரண்டாவது வண்டிக்கு எங்கிருந்து பணம் எடுப்பது என்பதில் பேச்சு நிற்கிறது.